புளியாரை இலையில் வெள்ளைக் கோடு: சுரங்கப் புழுவா, வேறு எதுவுமா?

பெங்களூரு உல்சூர் பக்கம் மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் படங்களோடு கேட்டிருக்கிறார். தக்காளித் தொட்டிகளில் தானாக முளைத்துப் படர்ந்த புளியாரையில், சில இலைகளில் வளைந்து நெளிந்த வெள்ளைக் கோடுகள். வேறு சிலவற்றில் பச்சை போய் மெல்லிய தோல் மட்டும் மிஞ்சிய திட்டுகள். இது என்ன பூச்சி, தக்காளிக்குப் பரவுமா, மருந்து அடிக்க வேண்டுமா, அந்தக் கீரையைத் துவையலுக்குப் பறிக்கலாமா என்பவை கேள்விகள்.

படத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு சேதங்கள். திட்டுகள் சுரங்கம் அல்ல. ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழு சுரண்டிய இடம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். கோடுகள்தான் உண்மையான இலைச் சுரங்கம், அதாவது இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே ஒரு புழு தின்றுகொண்டே போன பாதை. அதைப் போட்டது எந்த இனம் என்பதைக் கோட்டின் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். புழுவை வளர்த்து, வெளிவரும் பூச்சியைப் பார்த்தால்தான் பெயர் வைக்கலாம். நல்ல வேளையாக உங்கள் கேள்விகளில் மூன்றுக்கு இனப்பெயர் தேவையே இல்லை.

பூச்சிக்குப் போகும் முன் செடியை உறுதி செய்துகொள்ளுங்கள். பெங்களூரு புல்தரைகளிலும் தொட்டிகளிலும் புளியாரையோடு கலந்து வளர்வது சிறுபுள்ளடி. அதற்கும் மூன்று சிற்றிலைதான், நுனியில் லேசான வெட்டும் உண்டு. புளியாரையில் மூன்று சிற்றிலைகளும் காம்பின் உச்சியில் ஒரே புள்ளியில் சேரும். சிறுபுள்ளடியில் நடுச் சிற்றிலைக்கு மட்டும் தனியாக ஒரு குட்டிக் காம்பு இருக்கும். புளியாரையின் பூ மஞ்சள், ஐந்து இதழ். காய் நிமிர்ந்து நிற்கும், முற்றியதைத் தொட்டால் விதை தெறிக்கும். சிறுபுள்ளடியின் பூ அவரைக் குடும்பத்துப் பூ, காய் கணுக்கணுவாக உடையும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு இலையை மென்று பாருங்கள், புளிப்பு சொல்லிவிடும் (மருந்து அடிக்காத தொட்டி என்றால் மட்டும்). செடி மாறினால் அதைத் தின்னும் பூச்சிகளின் பட்டியலே மாறிவிடும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தல்.

இணையத்தில் தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். ஆங்கிலத்தில் புளியாரைக்கும், நம் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்கும் சுக்காங்கீரையின் உறவுச் செடிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். ஐரோப்பியப் பக்கங்களில் அழகான சுருள் சுரங்கப் படங்களோடு வருபவை பெரும்பாலும் அந்தச் சுக்காங்கீரை வகையறாவின் பூச்சிகள். அது முற்றிலும் வேறு குடும்பம். அங்கே பார்த்த பெயரை இங்கே ஒட்டாதீர்கள்.

இலையில் தெரிவது சுரங்கமா இல்லையா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, போன் டார்ச், ஒரு மெல்லிய ஊசி. இலையின் அடியில் டார்ச்சைப் பிடித்து மேலிருந்து லென்ஸில் பாருங்கள். இலைக்கு மேல்தோல், கீழ்த்தோல் என இரண்டு தோல்கள். நடுவே பச்சைச் சதை. சுரங்கப் புழு இரண்டு தோல்களையும் விட்டுவிட்டு நடுச் சதையை மட்டும் தின்றுகொண்டு போகிறது. அதனால் உண்மையான சுரங்கத்தில் ஊசி நுனியால் மேல்தோலைக் கீறித் தூக்கினால், அடியில் இன்னொரு தோல் முழுசாக இருக்கும். இரண்டுக்கும் இடையே கறுப்பாகக் கழிவும் கிடக்கும். திட்டில் இதே சோதனையைச் செய்தால் ஒரே ஒரு தோல்தான் இருக்கும். ஊசி நேராக மறுபக்கம் போய்விடும், கழிவு உள்ளே இருக்காது. இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதிப் பேருடைய ‘சுரங்கப் பூச்சி’ காணாமல் போய்விடும்.

அந்த ஒற்றைத் தோல் திட்டுக்குக் காரணமான பட்டாம்பூச்சியைப் பெங்களூருவில் பார்க்காதவர் இருக்க முடியாது. புல்தரையில் கணுக்கால் உயரத்தில் பறக்கும், இறக்கை விரித்தால் இரண்டரை சென்டிமீட்டர் அளவு, ஆணின் மேல்புறம் வெளிர் நீலம், கீழ்ப்புறம் சாம்பலில் கரும்புள்ளிகள். அறிவியல் பெயர் சூடோசிசீரியா மாஹா. இதன் புழுவுக்கு முக்கிய உணவே புளியாரை. இலையின் அடிப்பக்கத்தில் தட்டையான, வெளிறிய சின்ன முட்டையைத் தனித்தனியாக இடும். பொரித்த புழு முதலில் அடிப்பக்கத்திலிருந்து சுரண்டித் தின்னும், மேல்தோலைத் தொடாது. அதுதான் திட்டு. வளர்ந்த பிறகு ஓரத்திலிருந்து கடித்துத் தின்னும், அப்போது இலையில் துண்டு துண்டாகக் காணாமல் போகும். புழு பச்சை நிறம், தட்டையாக இலையோடு ஒட்டிக் கிடக்கும், தலை உள்ளே மறைந்திருக்கும். கண்ணில் படாவிட்டால் எறும்பைப் பாருங்கள். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் சுற்றிக்கொண்டே இருக்கும். 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு கதிர்வீச்சின் பாதிப்பை அளக்க ஜப்பான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இந்த இனத்தைத்தான். புளியாரை எங்கும் கிடைப்பதால் ஆய்வகத்தில் வளர்ப்பது எளிது. உங்கள் தொட்டியில் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், தக்காளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

திட்டாகவும் இல்லாமல் கோடாகவும் இல்லாமல் இலை முழுக்க வெளிறிய நுண்புள்ளிகள் என்றால் அது சிலந்திப் பேன். புளியாரையை விரும்பித் தின்னும் ஒரு சிவப்புப் பேன் இனமே உண்டு, முன்னங்கால்கள் உடம்பைவிட நீளமாகத் தெரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வறட்சியில் அதிகம். அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் என்றால் துரு நோய்; மக்காச்சோளத் துருவை உண்டாக்கும் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுற்றில் ஒரு பகுதியைப் புளியாரை இனங்களில் கழிக்கக் கூடியது. மழைக்காலத்தில் குட்டி நத்தைகள் சுரண்டிய இடமும் திட்டு மாதிரியே இருக்கும், ஆனால் பக்கத்தில் காய்ந்த பசைத் தடம் மினுங்கும்.

இனி உண்மையான கோடு. இலைக்குள் சுரங்கம் போடும் பூச்சிகள் நான்கு பெரும் வரிசைகளில் இருக்கின்றன: ஈக்கள், அந்துப்பூச்சிகள், வண்டுகள், ரம்பக்குளவிகள். தோட்டத்துச் சிறுசெடிகளில் நீங்கள் பார்க்கப் போவது அநேகமாக முதல் இரண்டுதான். இவற்றைப் பிரிப்பது கடினமில்லை. கோட்டின் உள்ளே கழிவு எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஈப்புழு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, வாயிலுள்ள கறுப்புக் கொக்கியை இப்படியும் அப்படியும் வீசிச் சதையைச் சுரண்டும். அவ்வப்போது புரண்டு படுக்கும். அதனால் கழிவு ஒருமுறை இடது ஓரம், ஒருமுறை வலது ஓரம் என மாறி மாறி விழும். அந்துப்பூச்சியின் புழுவில் கழிவு பெரும்பாலும் நடுவில் ஒரே இழையாக ஓடும். புழு உள்ளே உயிரோடு இருந்தால் இன்னும் தெளிவு: ஈப்புழுவுக்குத் தனித் தலை கிடையாது, கூரான முனையில் கறுப்பாக ஒரு கொக்கி மட்டும் ஆடும். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பழுப்பு நிறத் தலை ஓடு உண்டு, உடம்பு தட்டை. டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிடம் அசையாமல் பார்த்தால் அந்தக் கொக்கி வேலை செய்வதையே பார்க்கலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் பச்சையில் ஒரு நுண்ணிய பிறை குறையும்.

கோடு எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மெல்லிய முனை முட்டை இட்ட இடம், அகன்ற முனை புழு கடைசியாக இருந்த இடம். அகன்ற முனையில் புழு இல்லை என்றால் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். எப்படி வெளியேறியது என்பதும் தகவல்தான். மேல்தோலில் அரை வட்டமாக ஒரு கீறல் இருந்தால் ஈப்புழு தானே கிழித்துக்கொண்டு மண்ணுக்கு விழுந்திருக்கிறது. கச்சிதமான சின்ன வட்டத் துளை என்றால் அதிலிருந்து வந்தது ஈ இல்லை, ஈப்புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. கோட்டின் முனையில் பழுப்பாக ஒரு கூடு இலைக்குள்ளேயே பதிந்திருந்தால் பட்டாணியைத் தாக்கும் ஈயின் வகையாக இருக்கலாம். அது மண்ணில் விழாமல் இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும், சுவாசக் கொம்புகள் இரண்டு மட்டும் கீழ்த்தோலைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும்.

புளியாரையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரண மஞ்சள் பூப் புளியாரையின் சிற்றிலை ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். முழு வளர்ச்சி அடைந்த சுரங்க ஈப்புழு மூன்று மில்லிமீட்டர் வரை போகும். அதற்குத் தேவையான தீனி ஒரு சிற்றிலையில் இடம் போதாமல் தீர்ந்துவிடலாம். அதனால் கோடு குறுக்கும் நெடுக்குமாகத் தன்னையே வெட்டிக்கொண்டு, கடைசியில் திட்டு போலக் கலந்துவிடும். இப்படிப்பட்ட இலையை வைத்துச் சுரங்கத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கக் கூடாது. முடிந்தால் பெரிய இலைப் புளியாரையில் தேடுங்கள். இளஞ்சிவப்புப் பூப் பூக்கும், மண்ணுக்கடியில் குட்டிக் குட்டிக் கிழங்கு வைக்கும் வகை பெங்களூரு பூங்காக்களிலும் தோட்ட ஓரங்களிலும் களையாகப் பரவிக் கிடக்கிறது. நர்சரிகளில் அலங்காரச் செடியாக விற்கும் ஊதா இலைப் புளியாரையும் உண்டு, ஆனால் ஊதாவில் கழிவின் கறுப்பு சரியாகத் தெரியாது. பச்சை இலையே வசதி.

இப்போது வளர்க்கும் முறை. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

பறிக்கும் முன் படம் எடுங்கள். செடி முழுவதும் ஒன்று, இலையின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு ஒன்று, பூவோ காயோ தெரியும்படி ஒன்று. பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் இருக்கட்டும். பறித்த பிறகு எடுக்கலாம் என்று இருந்தால் புளியாரை சிற்றிலைகளை மடக்கிக்கொண்டுவிடும். இருட்டினாலும் மடங்கும், கடும் வெயிலிலும் மடங்கும், வாடினாலும் மடங்கும். மடங்கிய இலையில் சுரங்கத்தைப் படம் எடுப்பது தலைவலி.

காலை நேரத்தில், அகன்ற முனையில் புழு உயிரோடு தெரியும் இலைகளாகப் பொறுக்குங்கள். காலிச் சுரங்கத்தை எத்தனை நாள் பொத்தி வைத்தாலும் ஒன்றும் வராது. இலையை மட்டும் கிள்ளினால் சில மணி நேரத்தில் தொய்ந்துவிடும், உள்ளே இருக்கும் சின்னப் புழு பட்டினியில் செத்துவிடும். ஆறேழு சென்டிமீட்டர் கொடியோடு, கணுவில் வேர் இருந்தால் வேரோடு எடுங்கள். வேரை ஈரப் பஞ்சில் சுற்றி, பஞ்சைத் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன மருந்துப் புட்டியின் வாயில் செருகி, அந்தப் புட்டியை மூடி உள்ள தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்துங்கள். ஸ்வீட் கடை டப்பாவே போதும். பஞ்சில் இடைவெளி இருந்தால் வெளியேறும் புழு தண்ணீரில் விழுந்து மூழ்கும், அதனால் இறுக்கமாகச் செருக வேண்டும்.

டப்பாவின் அடியில் டிஷ்யூ பேப்பர் ஒரு மடிப்பு. தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. ஈரம் கூடினால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம், குறைந்தால் கூட்டுப்புழு காய்ந்து சுருங்கும். மூடியில் காற்றுக்காக ஊசியால் துளை போடுகிறேன் என்று போடாதீர்கள். ஒட்டுண்ணிக் குளவிகள் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், ஊசித்துளையில் சுலபமாகப் போய்விடும். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெட்டி, முகக்கவசத்தின் நெய்யாத துணியை ஒட்டுங்கள். சாதாரண மல்மல் துணியின் கண்ணே பெரிது. மூடியின் உட்புறத்தில் தண்ணீர் முத்து முத்தாகச் சேர்ந்தால் துடைத்துவிட வேண்டும். புதிதாக வந்த ஈ அதில் ஒட்டினால் இறக்கை வீணாகிவிடும், பிறகு அடையாளம் பார்க்க முடியாது.

டப்பாவை நிழலில் வையுங்கள். பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் ஒரு மத்தியான வெயிலில் உள்ளே எல்லாம் வெந்துவிடும். எறும்பு வராமல் இருக்க டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைப்பது நல்லது. இந்த ஊரில் எறும்புக்கு அடைக்காத டப்பா இரண்டாம் நாள் காலி.

தினமும் காலையில் டிஷ்யூவைப் பாருங்கள். ஈப்புழு வெளியேறிய சில மணி நேரத்தில் மஞ்சள் கலந்த பழுப்பில், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பீப்பாய் வடிவக் கூடாக மாறும். ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு புட்டிக்கு ஒரு கூடு என்று தனித்தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டால், ஈயும் குளவியும் வெளிவந்த பிறகு எதிலிருந்து எது வந்தது என்று சொல்ல முடியாது. புட்டியில் தேதி, இடம், செடி மூன்றையும் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று. பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போகும்.

காத்திருக்கும் காலம் வெப்பத்தைப் பொறுத்தது. அமெரிக்க இலைச் சுரங்க ஈ என்று சொல்லப்படும் லிரியோமைசா டிரைஃபோலியை எடுத்துக்கொண்டால், முட்டை இரண்டிலிருந்து ஐந்து நாள், புழு நான்கிலிருந்து ஏழு நாள், கூட்டுப்புழு ஒன்றிலிருந்து இரண்டு வாரம். பெங்களூருவின் டிசம்பர், ஜனவரிக் குளிரில் இது இன்னும் இழுக்கும். ஈ வந்துவிட்டது என்று உடனே கொன்று வைக்காதீர்கள். புதிதாக வந்த ஈயின் நிறம் ஏறாது, உடல் மிருதுவாக இருக்கும். ஒரு நாள் விட்டு, தேன் தடவிய பஞ்சு நுனி வைத்து, பிறகு ஃபிரீசரில் வையுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் உருவம் கெடாது. மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதத்துக்குப் போக வேண்டும். ஆண், பெண் இரண்டும் வேண்டும். இந்தக் குடும்பத்து ஈக்களில் இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் பிறப்புறுப்பு அமைப்புதான், வெளித்தோற்றம் ஏமாற்றும். ஈ வராத புட்டிகளையும் நான்கு வாரம் வரை தூக்கிப் போடாதீர்கள், குளவி தாமதமாக வரும்.

வெளிவந்த ஈயில் என்ன பார்ப்பது? இரண்டு மில்லிமீட்டர் அளவில், கறுப்பும் மஞ்சளும் கலந்து, முதுகின் பின்முனையில் பளிச்சென்ற மஞ்சள் புள்ளி இருந்தால் லிரியோமைசா வகையறா. முழுக்கச் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்து, கூடும் இலைக்குள்ளேயே இருந்திருந்தால் பட்டாணி ஈயின் பக்கம் சாயலாம். இதற்கு மேல் இனப்பெயருக்குப் போக நுண்ணோக்கியும் வகைப்பாட்டியல் தெரிந்தவரும் தேவை.

பாதிப் புட்டிகளில் ஈக்குப் பதில் குளவி வந்தால் ஏமாற்றம் வேண்டாம், அதுதான் நல்ல செய்தி. லென்ஸில் காலைப் பாருங்கள். உலோகப் பச்சையோ கறுப்போ மினுங்கி, பாதத்தில் நான்கு கணுக்கள் இருந்தால் யூலோஃபிட் குடும்பம். நம் நாட்டில் சுரங்க ஈக்களில் அடிக்கடி கிடைக்கும் ஹெமிப்டார்செனஸ் வேரிகார்னிஸ் இந்தக் குடும்பம்தான், ஆணின் உணர்கொம்பு கிளை விட்டிருக்கும். டிக்ளிஃபஸ் வகைக் குளவி ஈப்புழுவைக் கொட்டி மயக்கி அதன் பக்கத்தில் முட்டை இடும். குளவிப் புழு தின்று முடித்ததும், சுரங்கம் தன் மேல் அமுங்காமல் இருக்கத் தன் கழிவையே தூண்களாக நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாகும். டார்ச் வெளிச்சத்தில் சுரங்கத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் ஒரு வளையமாக நின்று, நடுவில் ஒரு கூட்டுப்புழு கிடந்தால் அதுதான். அந்த இலையைக் கிள்ளிப் போடுவது உங்களுக்குச் சும்மா வேலை செய்துகொண்டிருந்த ஆளை வெளியேற்றுவது.

தக்காளிக்குப் பரவுமா? சுரங்கம் போட்டது ஒரே செடிக் குடும்பத்தை மட்டும் தின்னும் பூச்சி என்றால் பரவாது. பல குடும்பங்களைத் தின்னும் லிரியோமைசா வகை என்றால் தக்காளி, அவரை, காராமணி, வெள்ளரி, செவ்வந்தி எல்லாமே அதற்குத் தீனி. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் முதலில் ஆமணக்கில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கக் காய்கறிகளில் பரவியது அமெரிக்க இலைச் சுரங்க ஈ. ஆக, உங்களுக்குத் தேவை பெயரைவிட நடத்தை. அதற்கு வீட்டிலேயே சோதனை இருக்கிறது. இரண்டு கப்பில் பீன்ஸ் விதை போடுங்கள். முதல் ஜோடி இலை விரிந்ததும் புளியாரைத் தொட்டியின் ஓரத்தில் வையுங்கள். ஈ வகை பல செடி தின்பது என்றால் பத்து நாளுக்குள் அந்த இலைகளில் முதலில் வெளிர் ஊசிப்புள்ளிகள், பிறகு கோடுகள் வரும். ஊசிப்புள்ளிகள் பெண் ஈ முட்டைக் குழாயால் குத்திய இடங்கள். எல்லாவற்றிலும் முட்டை இருக்காது, பெரும்பாலானவை சாறு குடிக்கக் குத்தியவை. ஆண் ஈக்குக் குத்தத் தெரியாது, பெண் குத்திய துளையிலேயே அதுவும் குடிக்கும். பீன்ஸ் இலை சுத்தமாக இருந்து புளியாரையில் மட்டும் கோடு தொடர்ந்தால் கவலையை விடுங்கள். பீன்ஸிலும் கோடு வந்தால் இரண்டிலிருந்தும் ஈயை வளர்த்து ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பக்கத்து மாடியிலிருந்து வேறு ஈ வந்து பீன்ஸைத் தாக்கியிருக்கலாம்.

பரவினாலும் பயப்படும் அளவு இல்லை. நன்றாக வளர்ந்த தக்காளி, அடி இலைகளில் சில கோடுகளைத் தாங்கும். நாற்று நிலையில், நான்கைந்து இலைகளே இருக்கும்போதுதான் அடி விழும். நாற்றுத் தட்டைப் புளியாரை படர்ந்த தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய வலைக்குள் வையுங்கள். வளர்ந்த செடியில் காய்ப்பு தொடங்கிய பிறகு மண்ணைத் தொடும் அடி இலைகளை எடுத்துவிடுவது வேறு நோய்களுக்கும் நல்லது.

மருந்து விஷயத்தில் என் கருத்து தெளிவானது: ரசாயனம் வேண்டாம். தொடு நஞ்சு இரண்டு தோல்களுக்கு நடுவில் இருக்கும் புழுவைச் சென்றடையாது. வெளியே திரியும் குளவியைக் கொல்லும். சுரங்க ஈக்கள் பல பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டவை, குளவிகள் பெரும்பாலும் அப்படியல்ல. அடித்த இரண்டு வாரத்தில் கோடுகள் முன்பைவிட அதிகமாக வருவதற்குக் காரணம் இதுதான். நாற்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைச் சாறு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு இரண்டு சொட்டுத் திரவ சோப்பு விட்டு, மாலையில் இலையின் இருபுறமும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை. இது வளர்ந்த புழுவை உடனே கொல்லாது. முட்டையிட வரும் ஈயை விரட்டும், இளம்புழு தோலுரிப்பதைத் தடுக்கும். அதனால் பழைய கோடுகள் அப்படியேதான் இருக்கும், புதுக் கோடு வருகிறதா என்பதை மட்டும் எண்ணுங்கள். பழையது மறையவில்லையே என்று அளவைக் கூட்டினால் இலை கருகும். முதல் தடவை இரண்டு மூன்று இலைகளில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள்.

மஞ்சள் ஒட்டு அட்டை செடியின் உச்சி உயரத்தில் ஒன்று தொங்கவிடலாம். ஈயின் நடமாட்டம் தெரியும். நிறையத் தொங்கவிட்டால் குளவிகளும் ஒட்டிச் சாகும், ஒன்று போதும்.

புளியாரையே வேண்டாம் என்று பிடுங்கினால், பிடுங்கியதைக் கம்போஸ்ட் டப்பாவில் போடாதீர்கள். இலைக்குள் இருக்கும் புழு அங்கேயே முதிர்ந்து, ஈயாக வெளியே வரும். பாலித்தீன் பையில் கட்டி, மாடியில் நேர் வெயிலில் இரண்டு வாரம் போட்டால் உள்ளே எல்லாம் செத்துவிடும். முற்றிய காய் இருந்தால் பிடுங்கும்போதே விதை தெறித்துவிடும், ஆகவே பூக்கும் பருவத்திலேயே எடுப்பது புத்திசாலித்தனம். தொட்டியின் மேல்மண் நான்கைந்து சென்டிமீட்டரைக் கிளறி ஒரு நாள் காயவிட்டால் அங்கே விழுந்த கூட்டுப்புழுக்களும் கணிசமாகக் குறையும்.

துவையல் கேள்விக்கு வருகிறேன். சுரங்கம் உள்ள இலை விஷமாகிவிடாது. கோடு உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு மற்றதைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் போதும். எச்சரிக்கை வேறு இடத்தில். அந்தத் தக்காளித் தொட்டியில் எப்போதாவது பூச்சிமருந்து அடித்திருந்தால் அதில் தானாக முளைத்த புளியாரையைத் தொடாதீர்கள்; மருந்து அடித்த பிறகு பறிக்கக் காத்திருக்க வேண்டும் என்று தக்காளிக்கு எழுதிய நாட்கள் கீரைக்குப் பொருந்தாது. புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம் என்பதால், சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் இந்தக் கீரையைத் தவிர்ப்பது நல்லது. அது பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும்தான்.

வளர்த்து எடுத்த ஈக்கு முறையான பெயர் வேண்டும் என்றால் நீங்கள் இருக்கும் ஊரே வசதி. ஹெப்பாள் பக்கம் பெல்லாரி சாலையில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது, இன்னும் வடக்கே ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை. கேட்டுவிட்டு அனுப்புங்கள், ஆனால் வெறும் ஈயை மட்டும் அனுப்பாதீர்கள். அதே சுரங்கம் உள்ள இலையைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, காலிக் கூட்டையும் அதே புட்டியில் சேர்த்து, பறித்த தேதி, ஈ வெளிவந்த தேதி, பூவின் நிறத்தோடு செடியின் பெயர், ஏரியா, எத்தனை இலைகளில் எத்தனையில் கோடு இருந்தது என்பதை எழுதி வையுங்கள். இலையும் கூடும் கூட இருந்தால் பெயர் பார்ப்பவருக்கு வேலை பாதி. இலை இல்லாமல் வரும் ஈ, எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாத ஈ.